ரெண்டாம் தாரத்துக்கு ஒரு டைனமோ

பிப்ரவரி 6

அன்புள்ள தங்கச்சி வாலுவுக்கு,

நீ அங்கே கிரீஸும் கையுமா இருப்பேன்னு தெரியும். இருந்தாலும் கேட்கணும், கேட்கிறேன். உன் முதுகுவலி எப்படி இருக்கு? இங்கே எனக்கு மூச்சு இருக்கு. அளந்து குடுக்கிறாங்க, வாங்கிக்கிறேன்.

போன் இருக்கும்போது எதுக்குக் கடிதாசின்னு கேட்பே. பேசினா மூச்சு வாங்குதுடி. "நல்லா இருக்கியா"ங்கிறதுக்குள்ள பாதி காலி. மிச்சப் பாதியில என்னத்தைச் சொல்ல? பஸ்ல கண்டக்டரா நின்னு, முன் படியில தொங்குறவனைப் பின் படியில இருந்தே இறக்கி விட்டவ நான். இப்போ மருமகளைக் கூப்பிட மணி அடிக்கணும். கை மட்டும் நல்லா இருக்கு, அதனால எழுதுறேன். மருமகள் ஆபீஸ் போற வழியில தபால்ல போட்டுடுவா. அவ நல்லவ. என் மகனும் நல்லவன்தான், அதுதான் பிரச்சனையே. கெட்டவனா இருந்தா சண்டை போட்டுட்டுக் கிளம்பியிருப்பேன்.

நேரா விஷயத்துக்கு வர்றேன். எனக்கு இந்த மாடி ரூம் வேண்டாம். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், மூச்சு மெஷின், அதுல இருந்து மூக்குக்கு வர்ற குழாய். குழாய் எட்டுற தூரம்தான் என் ராஜ்ஜியம். ஜன்னல் வரைக்கும் எட்டும், பால்கனிக்கு எட்டாது. காலையில ரெண்டு பேரும் வேலைக்குப் போனா சாயங்காலம்தான் மனுஷ முகம். போன வாரம் ஜன்னல் கம்பியில வந்து உட்கார்ந்த புறாகிட்ட, "உள்ளே தள்ளி நில்லு, வழியில நிக்காதே"ன்னு சொல்லிட்டு இருந்தேன். அது என்னை ஒரு மாதிரி பார்த்துச்சு. அப்பதான் முடிவு பண்ணினேன்.

நான் உன்கிட்ட வந்துடுறேன். பார்த்துட்டுப் போக இல்லை, இருக்க. உன் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னாடி இருக்கிற ரூம் போதும். படி ஏற வேண்டாம். சத்தம் இருக்கும், வர்றவன் போறவன் இருப்பான், டீ வரும், சண்டை வரும். டாக்டர்கிட்ட நானே கேட்டேன். "வழியில மெஷின் நிக்காம ஓடுச்சுன்னா தாராளமா போகலாம்மா"ன்னார். "அப்படி எந்தக் கார்ல ஓடும்"னு மகன் கேட்டான். ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்கு மட்டும்தானாம். மலைப்பாதை ஏறி ஒரு பகல் பூரா ஓடுற தூரத்துக்கு ஆக்ஸிஜன் சிலிண்டரா அடுக்கிட்டுப் போக முடியாதாம். பேச்சு முடிஞ்சதுன்னு எழுந்து போயிட்டான்.

எனக்குப் பேச்சு முடியலை. உன்கிட்ட கார் இருக்கு, நீ வண்டிக் கரண்டு வேலை பார்க்கிறவ. ஓடுற காருக்குள்ள இந்த மெஷினை ஓட வைக்க முடியுமா, முடியாதா? சுத்தி வளைக்காம எழுது. வெயில்ல அலையாதே, முதுகுக்குத் தைலம் போடு.

உன் அக்கா

*

பிப்ரவரி 19

அக்கா,

முடியும். இதை முதல்ல எழுதிடுறேன், இல்லைன்னா நீ பாதியிலேயே கடிதாசியைக் கசக்கிடுவே. முதுகு இருக்கிற இடத்துல இருக்கு. உன் மூச்சை ஏன்க்கா புறாவுக்கெல்லாம் செலவு பண்றே?

முடியும், ஆனா இப்போ இருக்கிற வண்டியால முடியாது. என் கார் கதை உனக்கு அரைகுறையாத்தான் தெரியும். பாடி ஒரு காரோடது. அதோட சொந்த இன்ஜின் செத்துப்போச்சு. சரக்கு வேன் ஒண்ணுல இருந்து இன்ஜினைப் பிடுங்கி உள்ளே உட்கார வெச்சேன். கடையில எல்லாரும் அதை ரெண்டாம் தாரம்னுதான் கூப்பிடுவாங்க. நல்லா உழைக்கிறவ, கொஞ்சம் வாய் ஜாஸ்தி. ஆனா டைனமோ இல்லாமத்தான் வந்து சேர்ந்தா; வேனை உடைச்சவன் அதை முன்னாடியே வித்துட்டான். நானும் செத்துப்போன மூத்தாளோட டைனமோவையே இவ கழுத்துல மாட்டி விட்டேன். புதுசா வேலைக்கு வர்றவங்க ஆல்டர்னேட்டர்னு சொல்லுவாங்க, எல்லாம் ஒண்ணுதான். இன்ஜின் சுத்துற சுத்துல கரண்டு எடுத்து பேட்டரிக்கு ஊட்டுற சாமான்.

மூத்தாள் சிக்கனக் குடும்பம். லைட்டு, ஹாரன், வைப்பர், அதோட சரி. உன் மெஷின் ஒண்ணே அந்த வருமானத்துல முக்கால்வாசியைத் தின்னுடும். அதுலயும் சிக்னல்ல நின்னா இன்ஜின் மெதுவாச் சுத்தும், டைனமோ பாதி கூடக் குடுக்காது. வண்டி நிக்குதேன்னு உன் மெஷின் கொஞ்சமாவா தின்னும்? இன்னொரு பேட்டரி வெச்சுடேன்னு பக்கத்துக் கடை லேத்காரர் சொல்றார். அண்டாவைப் பெருசாக்கினா ஆச்சா, குழாய்ல தண்ணி வர வேண்டாமா?

அதனால பெரிய டைனமோ போடணும். போடுறேன். உன் மகன் என்ன சொல்றான்னு எனக்கு அக்கறை இல்லை. எனக்கும் இங்கே சாயங்காலம் ஆனா ரேடியோதான் துணை. வா. வந்து என்னைத் திட்டு.

வேளைக்குச் சாப்பிடு, மாத்திரையைத் தலையணைக்கு அடியில ஒளிக்காதே. உன்னை எனக்குத் தெரியும்.

வாலு

*

மார்ச் 10

வாலுவுக்கு,

மாத்திரையைப் பத்தி உனக்கு எவ சொன்னா? மருமகளா? இருக்கட்டும், அவகிட்டப் பேசிக்கிறேன். உடம்பு அதேதான், இங்கே கொஞ்சம் வெயில் கூடியிருக்கு.

சாப்பிடும்போது மகன்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். ரெண்டு ரெண்டு வார்த்தையா, நடுவுல மூச்சு வாங்கி வாங்கி. நான் முடிக்கிறதுக்குள்ள அவன் தட்டைக் கழுவிட்டான். "சித்திக்கு ஏன் இந்த வேண்டாத வேலை, உடைஞ்ச வண்டியை ஒட்டுப்போட்டு ஓட்டுறவங்க கையிலயா உன் உயிரைக் குடுக்கிறது"ன்னான். எனக்குப் பதில் இருந்துச்சு, மூச்சுதான் இல்லை. அந்தப் பதிலை அன்னைக்குப் பூரா படுத்துக்கிட்டே மனசுக்குள்ள சொல்லிட்டு இருந்தேன். ரொம்ப நல்ல பதில்டி. கேட்க ஆளில்லை.

அவனும் பாவம். தினமும் ஆபீஸ்ல இருந்து வந்ததும் செருப்பைக் கூடக் கழட்டாம மாடிக்கு வந்து, ரத்தத்துல ஆக்ஸிஜன் எவ்வளவுன்னு காட்டுற கிளிப்பை என் விரல்ல மாட்டி நம்பரைப் பார்ப்பான். நம்பர் நல்லா இருந்தா "சரி"ன்னுட்டு இறங்கிப் போயிடுவான். என்னைப் பார்க்கிறானா நம்பரைப் பார்க்கிறானான்னு எனக்கே சந்தேகம்.

உயிர் போகிற அவசரமெல்லாம் இல்லை. பொறுமைதான் போகுது. சீக்கிரம் மாட்டு.

கையைக் கிழிச்சுக்காம வேலை செய்.

அக்கா

*

ஏப்ரல் 2

அக்கா,

கிடைச்சாச்சு! மருந்து ஏத்திட்டுப் போற குளிர்பெட்டி வண்டி ஒண்ணு உடைக்க வந்திருந்துச்சு. வழியெல்லாம் பெட்டியைக் குளிரவே வெச்சிருக்கணுமே, அதனால அதுல இருந்த டைனமோ ஒரு பூசணிக்காய் அளவு. தூக்கிப் பார்த்தேன், முதுகு "வேண்டாம்"னுச்சு. நான் கேட்கலை.

கொண்டுவந்து வெச்சா, ரெண்டாம் தாரத்துகிட்ட உட்கார மாட்டேங்குது. தாங்குற பிராக்கெட் வேற, பெல்ட் ஓடுற கோடு வேற. லேத்காரர் கெட்டித் தகட்டுல பிராக்கெட் அடிச்சுக் குடுத்தார். முதல் பிராக்கெட் ஒரு விரல் அளவு தள்ளிப் போச்சு. "அளவு குடுத்தது யாரு"ன்னார். நான்தான். ரெண்டாவது சரியா உட்கார்ந்துச்சு. பழைய ஒத்தை பெல்ட் போட்டா, கரண்டு ஏற ஏற இழுக்க முடியாம கத்துது, தெருவே எட்டிப் பார்க்குது. அகலமான பெல்ட்டுக்கு மாத்தினேன், டைனமோவுல பெல்ட் சுத்துற புல்லிச் சக்கரத்தைச் சின்னதாக்கினேன். இப்போ வண்டி நின்ன இடத்துல ஓடும்போதும் அது வேகமாச் சுத்தும். டைனமோவுல இருந்து பேட்டரிக்கு என் சுண்டுவிரல் தடிமன்ல வயர் இழுத்து, ஃபியூஸும் போட்டாச்சு.

உன் மெஷினுக்குப் பதிலா பின் சீட்டுல பெரிய பல்பு வரிசையா மாட்டி, எரிய விட்டுக்கிட்டே கடைத்தெருவுல ஒரு சுத்து ஓட்டினேன். கல்யாண ஊர்வலமான்னு ஒருத்தன் கேட்டான். ஆமா, ரெண்டாம் தாரத்துக்குன்னேன்.

இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிப் பார்க்கணும். ஜூன் முதல் ஞாயித்துக்கிழமை வாசல்ல நிப்பேன். பை எடுத்து வை. அதுவரைக்கும் உடம்பைக் கெடுத்துக்காதே.

வாலு

*

ஏப்ரல் 20

சித்திக்கு வணக்கம்.

நீங்க சுகமா இருக்கணும். போன் எடுக்க மாட்டேங்கிறீங்க, அதனால எழுதுறேன்.

அம்மாவுக்கு ஆசை காட்டாதீங்க. உங்களுக்கு இது ஒரு வண்டி வேலை. எனக்கு அப்படி இல்லை. போன வருஷம் ஒரு நாள் தெருவுல கரண்டு போய், வீட்டு இன்வெர்ட்டரும் நின்னுபோச்சு. சிலிண்டரைக் கீழே இருந்து தூக்கிட்டு மாடி ஏறிப் போறதுக்குள்ள அம்மா உதடு நீலமாயிடுச்சு. அந்த நிறத்தை நான் பார்த்திருக்கேன். நீங்க பார்க்கலை. அன்னைக்கு அம்மாவால என் பேரைக்கூடச் சொல்ல முடியலை, கையை மட்டும் பிடிச்சாங்க. மலைப்பாதையில, ஆள் இல்லாத இடத்துல, உங்க ஒட்டுப்போட்ட வண்டி நின்னா என்ன பண்ணுவீங்க?

அம்மா எங்கேயும் வரமாட்டாங்க. தயவுசெஞ்சு இத்தோட விட்டுடுங்க. உடம்பைப் பார்த்துக்கோங்க.

உங்க அக்கா மகன்

*

மே 1

கண்ணு,

நான் சுகம். நீ சரியாத் தூங்குறதில்லைன்னு உன் கடிதாசியே சொல்லுது. தூங்கு.

அந்த நிறத்தை நீ பார்த்தே, நான் பார்க்கலை. ஒத்துக்கிறேன். நான் பார்த்திருந்தா நானும் உன்னை மாதிரிதான் எழுதியிருப்பேன். ஆனா அவ பகல் பூரா ஜன்னல்ல புறாவுக்கு இடம் ஒதுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறதை நீ பார்க்கலை. அந்த நேரத்துல நீ ஆபீஸ்ல இருக்கே.

வண்டி வழியில நின்னா என்ன பண்ணுவேன்னு கேட்டியே, நல்ல கேள்வி. பின்னாடி ரெண்டாவது பேட்டரி இருக்கு, இன்ஜின் நின்னாலும் மெஷின் கொஞ்ச நேரம் ஓடும். அது போச்சுன்னா சிலிண்டர் இருக்கு. அதுக்கும் மேல என்னன்னா, அது உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. உன் வீட்டுலயும் அன்னைக்கு எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?

அப்புறம், ஒட்டுப்போட்ட வண்டின்னு இன்னொரு தடவை சொல்லாதே. ஒட்டுப் போடத் தெரிஞ்சவங்களாலதான் உலகத்துல பாதி வண்டி ஓடுது. ஜூன்ல வர்றேன். வாசல் கேட்டைத் திறந்து வை.

அன்புடன் சித்தி

*

ஜூன் 12

வாலுவுக்கு,

எங்கேடி இருக்கே? உடம்புக்கு என்ன?

ஞாயித்துக்கிழமை காலையிலயே தலை வாரி, பையைக் கட்டி, ஜன்னல்கிட்ட நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உன் வண்டிச் சத்தம் எப்படி இருக்கும்னு தெரியாது, அதனால வந்த வண்டிக்கெல்லாம் எட்டிப் பார்த்தேன். மத்தியானம் மகன் வந்து பையை எடுத்து அலமாரி மேல வெச்சான். ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தாக் கூட தாங்கியிருப்பேன்.

மறுநாளே உனக்கு எழுதிப் போட்டேன். அதுக்கும் பதில் இல்லை. மருமகள் போன் பண்ணினா, நீ எடுக்கலை. பயந்துட்டியா? மனசு மாறிட்டியா? மாறியிருந்தா மாறினேன்னு எழுது, நான் ஒண்ணும் உடைஞ்சு போயிட மாட்டேன். பதில் இல்லாம இருக்கிறதுதான் தாங்க முடியலை.

திட்டுறதுக்காவது எழுது.

அக்கா

*

ஜூன் 20

(அம்மா, வணக்கம். எழுதுறது நான், பக்கத்துக் கடை லேத்காரன். உங்க தங்கச்சி சொல்லச் சொல்ல எழுதுறேன். நான் எழுதுறது அதிகமும் இரும்பு மேல அளவுதான், எழுத்து கோணலா இருந்தா மன்னிக்கணும்.)

அன்புள்ள அக்கா, நீ சுகமா? நான் ரொம்ப சுகம். கடையில வேலை ஜாஸ்தி, அதனால வர முடியலை.

(வேலை எல்லாம் ஒண்ணும் இல்லைம்மா. வலது மணிக்கட்டு உடைஞ்சு கட்டுப் போட்டுட்டு உட்கார்ந்திருக்காங்க. இதை எழுதாதேன்னு சொல்றாங்க. எழுதிட்டேன். இப்போ என்னை முறைக்கிறாங்க.)

சரி, இந்த ஆள் காட்டிக் குடுத்துட்டார். இனி மறைச்சு என்ன ஆகப்போகுது. மே கடைசியில ஒரு மூச்சு மெஷினையே வாடகைக்கு எடுத்துட்டு வந்து, பின் சீட்டுல ஓட விட்டு, வண்டியை நெடுஞ்சாலை வரைக்கும் ஓட்டிட்டுத் திரும்பினேன். மெஷின் ஒரு தடவை கூட நிக்கலை. பெருமையா கடை வாசலுக்குத் திரும்புறேன், காலை எடுத்தும் ஆக்ஸிலேட்டர் மேல வரலை. வண்டி சீறிக்கிட்டுப் போகுது. சாவியைத் திருப்பி அணைச்சேன், அதுக்குள்ள டயர் அடுக்கியிருந்த சுவத்துல போய் மோதிட்டேன். ரேடியேட்டர் போச்சு, மணிக்கட்டு போச்சு.

ஏன்னு தெரியுமா? எர்த் வயர்க்கா. கரண்டு போற வழிக்கு சுண்டுவிரல் தடிமன்ல வயர் போட்டேனே, அது திரும்பி வர்ற வழியைப் பார்க்கலை. இன்ஜின் ரப்பர் மேல உட்கார்ந்திருக்கு. அதையும் பாடியையும் சேர்க்கிறது மூத்தாள் காலத்துப் பழைய பின்னல் வயர் ஒண்ணுதான். ஸ்டார்ட் பண்றது கண் சிமிட்டுற நேரம், அதுக்கு அது தாங்குச்சு. மெஷின் மணிக்கணக்கா ஓடவும் பொசுங்கிப்போச்சு. கரண்டு வேற வழி தேடி ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாப் போயிருக்கு. கேபிள் சூடாகி, மேல் உறை உருகிப் பிடிச்சுக்கிச்சு. வர்றவன் போறவனுக்கெல்லாம் "முதல்ல எர்த்தைப் பாருடா"ன்னு சொல்றவ நான்.

(அதை நான் கடையில போர்டாவே எழுதி மாட்டச் சொல்லியிருக்கேன்.)

பின் சீட்டுல மெஷின் இருந்துச்சு. அந்த இடத்துல நீ இருந்திருந்தா? அதுதான் போன் எடுக்கலை. உன் மகன் சொன்னது சரிதான். வேலையை நிறுத்திடலாம்னு இருக்கேன். மன்னிச்சுடு. உன் உடம்பைப் பார்த்துக்கோ.

(அழறாங்க. இதையும் எழுத வேண்டாம்னாங்க.)

வாலு

*

ஜூலை 1

அடி வாலு,

முதல்ல லேத்காரருக்கு: ஐயா, உங்க எழுத்துக்கு ஒரு குறையும் இல்லை. அவ இனிமே எது சொன்னாலும் பக்கத்துலயே அடைப்புக்குறி போட்டு உண்மையை எழுதிடுங்க.

இப்போ உனக்கு. கை வலிக்குதா? ராத்திரி கையைத் தலையணை மேல தூக்கி வெச்சுப் படு. கட்டுக்குள்ள குச்சி விட்டுச் சொறியாதே. இப்போ திட்டப் போறேன், உட்கார்ந்துக்கோ.

வண்டி இடிச்சதுக்கு இல்லை. எர்த்தை மறந்ததுக்கும் இல்லை. நான் ஜன்னல்ல உட்கார்ந்து வந்த வண்டியெல்லாம் எண்ணிட்டு இருக்கேன், நீ அங்கே கையை உடைச்சுக்கிட்டு "வேலை ஜாஸ்தி"ன்னு எழுதச் சொல்றே. என்னடி நினைச்சே? அக்காவுக்கு மூச்சுதான் குறைச்சல், கேட்டா தாங்க மாட்டாளா? என்னை மாடியில வெச்சு மூடுறதுக்கு இங்கே ஒருத்தன் போதாதா, நீ வேற கிளம்பிட்டியா?

அந்த இடத்துல நான் இருந்திருந்தான்னு கேட்கிறே. நான் இல்லையே. மெஷின் மட்டும் இருந்துச்சு. அதுக்குத்தானே ஆள் இல்லாம ஓட்டிப் பார்த்தே? தப்பு வெளியே வந்தாச்சு, எங்கே இருக்குன்னு தெரிஞ்சாச்சு. இப்போ போய் நிறுத்துறேங்கிறே. பஸ் பஞ்சர் ஆனா டயரை மாத்துவோமா, இல்லை இனிமே இந்த ஊருக்கு பஸ்ஸே கிடையாதுன்னு எல்லாரையும் இறக்கி விடுவோமா?

எர்த் வயரைப் போடு. ஒண்ணுக்கு ரெண்டாப் போடு. நீ வரலைன்னா குழாயைக் கழட்டிப் போட்டுட்டு நடந்தே வருவேன், வாசல் தாண்ட மாட்டேன்னு தெரியும், ஆனாலும் கிளம்புவேன். மகனுக்கும் இன்னைக்கு ஒண்ணு எழுதியிருக்கேன். அதோட நகலை இதுலயே வெச்சிருக்கேன், படிச்சுக்கோ.

கை சீக்கிரம் சேரட்டும்.

அக்கா

*

ஜூலை 1, மாடியில இருந்து

மகனே,

ஒரே வீட்டுக்குள்ள கடிதாசியான்னு சிரிக்காதே. பேச ஆரம்பிச்சா நீ எழுந்து போயிடுறே. காகிதத்தை விட்டு எழுந்து போனாலும் அது மேஜை மேலயே இருக்கும். உன் சாப்பாட்டுப் பையில மருமகளை வைக்கச் சொல்லியிருக்கேன். சாப்பிட்டுட்டுப் படி, பட்டினியாப் படிக்காதே.

சித்தி வண்டி இடிச்சுடுச்சு. கை உடைஞ்சிருக்கு. இதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, சொன்னா உன் பக்கம் பலமாயிடும்னும் தெரியும். இருந்தாலும் மறைச்சு ஜெயிக்க எனக்கு இஷ்டம் இல்லை.

நீ என்னைப் பத்திரமா வெச்சிருக்கே. வேளைக்கு மாத்திரை, வேளைக்குச் சாப்பாடு, விரல்ல நம்பர். ஒண்ணுலயும் குறை சொல்ல முடியாது. உன்மேல கோபம் இல்லைன்னு எழுதினா பொய். கோபம் இருக்கு. நான் சாகாம இருக்கிறதுக்காக உழைக்கிறே, நான் எப்படி இருக்கேன்னு ஒரு நாளும் உட்கார்ந்து கேட்கலை. நீ பயந்துபோயிருக்கே, புரியுது. உன் பயத்துக்கு நான் எத்தனை நாள் இந்த ரூம்ல குடியிருக்கணும்?

ஒரு ஒப்பந்தம். வண்டி சரியானதும் நம்ம வாசலுக்கு வரட்டும். நான் பின் சீட்டுல உட்கார்றேன். வண்டி நகர வேண்டாம், நின்ன இடத்துலயே இன்ஜின் ஓடட்டும். டைனமோவுக்கு அதுதான் கஷ்டமான வேலைன்னு உன் சித்தி சொல்லுவா. காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் மெஷின் ஓடணும். வண்டியில இருக்கிற லைட்டு, வைப்பர், ஏசி, எதை வேணாலும் நீ போடு. கிளிப்பை நீயே பிடி. நடுவுல ஒரு தடவை மெஷின் நின்னா நான் மாடிக்கு வந்துடுறேன், இனிமே இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன். நிக்கலைன்னா நான் போறேன்.

சரின்னா சரின்னு இந்தக் காகிதத்துலயே எழுதிக் குடு.

அம்மா

(கீழே நீல மையில்: சரி.)

*

ஆகஸ்ட் 4

அக்கா,

என் கையாலயே எழுதுறேன், பாரு. கட்டுப் பிரிச்சாச்சு. மணிக்கட்டு கொஞ்சம் முறுக்கிக்குது, ஸ்பேனர் பிடிக்க முடியுது. நீ இருமுறது குறைஞ்சிருக்கா?

உன் திட்டு வந்த அன்னைக்கே வண்டியைத் தூக்கினேன். இன்ஜின்ல இருந்து பாடிக்கு ஒண்ணு, இன்ஜின்ல இருந்து நேரா பேட்டரிக்கு ஒண்ணு, ரெண்டு தடி எர்த். பெயின்டைச் சுரண்டி, வெறும் இரும்புல முறுக்கியிருக்கேன். கேபிள் புதுசு, ரேடியேட்டர் வேற. ஒரு வாரமா மெஷினை வெச்சு ஓட்டுறேன், ஓட்டி முடிச்சதும் ஒவ்வொரு வயரையும் தொட்டுப் பார்க்கிறேன். வெதுவெதுப்புக் கூட இல்லை. லேத்காரரும் தொட்டுப் பார்த்துட்டார், அவர் என்னை நம்புறதில்லை.

உன் மகன் "சரி"ன்னு எழுதினதா மருமகள் போன்ல சொன்னா. அது மெஷின் நடுவுல நின்னுடும்ங்கிற நம்பிக்கையில எழுதினது. தெரிஞ்சுக்கோ. பதினேழாம் தேதி நானும் லேத்காரரும் வர்றோம்.

பயமா இருக்குக்கா. இருந்தாலும் வர்றேன்.

வாலு

*

ஆகஸ்ட் 25

மகனே,

நீ, மருமகள் ரெண்டு பேரும் சுகமா? நான் சுகம். இது ஒப்புக்கு எழுதுறது இல்லை, நம்பு.

நீ கோபமா இருப்பே. நானும் கோபத்தோடதான் எழுத உட்கார்ந்தேன். வண்டி வந்த அன்னைக்கு நீ பண்ணினதை எழுதியே ஆகணும்.

லேத்காரரும் நீயும் என்னை நாற்காலியோட தூக்கிட்டு இறங்கினீங்க, மருமகள் சிலிண்டரோட கூடவே இறங்கினா. வாசலைத் தாண்டும்போது எனக்குக் கண்ணு கூசிச்சு, அவ்வளவு நாளாச்சு வெளி வெயிலைப் பார்த்து. நீ டிரைவர் சீட்டுல உட்கார்ந்து, இருக்கிற ஸ்விட்சு எல்லாத்தையும் போட்டே. வெயில்ல லைட்டு, காஞ்ச கண்ணாடியில வைப்பர், ஏசி முழுசா. போறவங்க எல்லாம் நின்னு பார்த்தாங்க. ஹாரனைக் கூட விடலை. பின் சீட்டுப் பக்கம் திரும்பி என் விரலைப் பிடிச்சுக்கிட்டு நம்பரையே பார்த்தே. உன் சித்தி பானெட்டைத் திறந்து வெச்சு, பெல்ட்டை விட்டுக் கண்ணை எடுக்கலை. மெஷின் நிக்கலை. நம்பர் இறங்கலை. மத்தியானம் ஆச்சு.

அப்போ நீ என்ன சொன்னே? "நின்ன இடத்துல ஓடினா ஆச்சா, மலைப்பாதை இருக்கே"ன்னே. உன் கையால சரின்னு எழுதிக் குடுத்துட்டு, நான் ஜெயிச்சதும் எல்லைக்கோட்டைத் தள்ளிப் போட்டே. சித்தி பானெட்டை மூடினதும் காருக்கு முன்னாடி வந்து அது மேல கையை வெச்சுட்டு நின்னே. சித்தி என்னைத் திரும்பிப் பார்த்தா. "நகரு"ன்னு சொன்னேன். ஒரே வார்த்தை, இருந்த மூச்சு பூரா அதுல போச்சு. தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். எனக்கே ஆச்சரியம், அந்தக் குரல் இன்னும் உள்ளே இருந்துச்சு.

நீ நகர்ந்தே. மருமகள் பையைக் கொண்டுவந்து சீட்டுல வெச்சா. நீ சிலிண்டரைத் தூக்கி என் காலடியில வெச்சு, உருளாம இருக்க உன் சட்டையைக் கழட்டி முட்டுக் குடுத்தே. பனியனோட தெருவுல நின்னே. எல்லாத்தையும் பார்த்தேன்டா.

மலைப்பாதையைப் பத்திக் கேட்டியே. மேலே ஒரு லாரி குறுக்க நின்னு, வண்டி எல்லாம் வரிசையா மாட்டிக்கிச்சு. மழை வேற. லைட்டு, வைப்பர், மெஷின் எல்லாம் ஓட, நாங்க நின்ன இடத்துலயே நின்னோம். கிளிப் என் விரல்லயே இருந்துச்சு. சித்தி அடிக்கடி இறங்கிப் போய் எர்த் வயரைத் தொட்டுப் பார்த்துட்டு நனைஞ்சுக்கிட்டு வந்தா. மெஷின் நிக்கலை. எனக்கு ஒரு தடவை பயம் வந்துச்சு, அந்த நீல நிற நாள் ஞாபகம் வந்துச்சு. அன்னைக்கு உன் கையைப் பிடிச்சுக்கிட்டது ஞாபகம் வந்துச்சு. அழுதேன். அப்புறம் லாரி நகர்ந்துச்சு.

இங்கே வந்து எனக்கு மூச்சு கூடிடலை. அதே மூச்சுதான், செலவு பண்ற இடம்தான் மாறியிருக்கு. கடை வாசல்ல நாற்காலி. வர்றவங்க எல்லாம் வண்டிக் கோளாறை முதல்ல என்கிட்டச் சொல்றாங்க, நான் வரிசைப்படி உள்ளே அனுப்புறேன். வரிசையை முந்தி வந்தவன் ஒருத்தனைத் தள்ளி நிக்கச் சொன்னேன், நின்னான். நேத்து மெஷினோட கார்ல ஏறி மார்க்கெட் வரைக்கும் போய் வந்தேன். ஒண்ணும் வாங்கலை. சும்மா பார்த்தேன்.

இங்கே எனக்கு ஏதாவது ஆகலாம். அங்கேயும் ஆகலாம். ஆச்சுன்னா உன் சித்தியைக் குறை சொல்லாதே, உன்னையும் சொல்லிக்காதே. கார்ல ஏறினது நான்.

உன் சட்டை இங்கே இருக்கு. துவைச்சு மடிச்சு வெச்சிருக்கேன், அனுப்ப மாட்டேன். லீவு போட்டுட்டு வா. மருமகளையும் கூட்டிட்டு வா. ராத்திரி தங்கு. என் பக்கத்துல நாற்காலி போட்டு உட்காரு, நம்பரைப் பார்க்காம என்னைப் பாரு.

பார்க்க வா. கூட்டிட்டுப் போக வராதே.

உன் அம்மா